கம்யூனிட்டி காலேஜில் படித்துப் பர்சனல் டிரெய்னர் ஆன அனுபவம்: லேப் அருமை, மிச்சத்தைக் கேட்காதீர்கள்

டிரெய்னர் சான்றிதழைப் புதுப்பிக்க இந்த வாரம் மறுபடியும் பணம் கட்டினேன். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதுகிறேன், அதனால் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். போதாக்குறைக்கு, "காலேஜில் சேரட்டுமா, புத்தகம் வாங்கி வீட்டிலேயே படித்துத் தேர்வு எழுதட்டுமா?" என்று ஒரு நண்பர் விடாமல் கேட்கிறார். அமெரிக்காவில் இந்த வேலைக்கு மாநில உரிமம் வேண்டியதில்லை, 18 வயதும் பள்ளிப் படிப்பும் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவி) பயிற்சி அட்டையும் இருந்தால் தேர்வு எழுதலாம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டுப் படிப்புகள் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில். முதலில் லேப். உடற்தகுதி மதிப்பீடு என்று ஒரு வகுப்பு. பாடப் பட்டியலில் பார்த்தால் கிரெடிட் நிரப்ப வைத்தது போலத்தான் தெரியும். ஆனால் நான் இன்று செய்யும் வேலையில் உருப்படியானதில் பாதி அங்கே கற்றதுதான். வாராவாரம் ஒருவரையொருவர் அளந்தோம். ரத்த அழுத்தம் பார்க்க, புஜத்தில் பட்டையைச் சுற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, அழுத்தத்தை விநாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராக இறக்க வேண்டும். முதல் 'டொக்' கேட்கும் இடம் மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண். சொல்வதற்குச் சுலபம். பக்கத்தில் ஒருவர் ஸ்டெப் டெஸ்டுக்காக (ஏறி இறங்கிய பிறகு இதயத் துடிப்பை எண்ணும் சோதனை) 12 அங்குலப் பெட்டியில், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமின் நிமிடத்துக்கு 96 தட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த டொக்கைப் பிடித்துப் பாருங்கள்!

அதைவிடச் சுவாரசியம், உடம்பின் கொழுப்பைக் கணக்கிடத் தோல்மடிப்பைக் கிள்ளி அளக்கும் காலிப்பர். ஆண்களுக்கு மார்பு, வயிறு, தொடை. பெண்களுக்குப் புஜத்தின் பின்பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே, தொடை. எல்லாமே வலது பக்கம். ஒரே வயிற்றை மூன்று பேர் கிள்ளினால் மூன்று எண் வரும். ஆசிரியை யாரையும் திருத்தவில்லை. மூன்றையும் பலகையில் எழுதி, "இதில் எது நிஜம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கைதேர்ந்தவர் அளந்தாலும் மூன்று நான்கு சதவீதம் முன்னே பின்னே போகும் என்பதை அப்புறம்தான் சொன்னார். இன்று ஜிம்மில், லேசான மின்சாரத்தை உடம்பில் செலுத்தி அளக்கும் கைப்பிடிக் கருவி ஒருவரின் கொழுப்பைத் தசமப் புள்ளியோடு காட்ட, அவர் முகம் தொங்கிப் போகும்போதெல்லாம் அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. உடம்பில் தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ அந்த எண்ணும் மாறிவிடும் என்று சொல்லி அவரைத் தேற்ற முடிகிறது.

அதிகபட்ச இதயத் துடிப்புக்கு '220 கழித்தல் வயது' என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். 1971-இல் வெளியான ஒரு கட்டுரையில், அதுவரை கிடைத்த தரவுகளின் மேல் ஏறக்குறைய கண்ணளவாகப் போட்ட கோடு அது. 2001-இல் வந்த இன்னொரு கணக்கு, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 40 வயதுக்கு இரண்டிலும் 180 தான். 60 வயதுக்கு ஒன்றில் 160, மற்றதில் 166. எதை எடுத்தாலும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலேயே வித்தியாசம் வரலாம் என்பதால், பயிற்சியின்போது பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள்.

உடற்கூறியல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோள்பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், இன்னும் மறக்கவில்லை. பிராக்டிகம், அதாவது நிஜ ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகும் வகுப்பு, நன்றாக இருந்தது. கேட்காமல் கிளையன்டைத் தொடக்கூடாது என்பது விதி, எல்லாவற்றையும் வாயால் சொல்லியே சரிசெய்ய வேண்டும். ஸ்க்வாட்டில் "முழங்கால் உள்ளே போகிறது" என்று எத்தனை முறை சொன்னாலும் பலருக்கு ஏறாது. "தரையை இரண்டு பாதத்தாலும் கிழித்துப் பிரியுங்கள்" என்றால் முழங்கால் தானாக வெளியே வந்துவிடும். புதிதாகக் கிளையன்டுகளை எங்கே தேடிப் பிடிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. சம்பளம் பெரும்பாலும் செஷன் கணக்கில் வரும் தொழிலில் இதை எப்படி விட்டார்களோ!

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். இத்தனையும் படித்து முடித்தால் காலேஜ் ஒரு சான்றிதழ் தருகிறது. ஜிம்மின் விண்ணப்பத்தில் அதை எழுத இடமே இல்லை. அவர்கள் கேட்பது, சான்றிதழ்த் தேர்வுகளின் தரத்தைப் பார்க்கும் என்சிசிஏ என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தேர்வு. ஏசிஎஸ்எம், ஏசிஇ, என்ஏஎஸ்எம், என்எஸ்சிஏ என்று அதை நடத்தும் அமைப்புகளின் பட்டியல் நீளம். ஆக, செமஸ்டர் கட்டணத்துக்கு மேல் தேர்வுக் கட்டணம். நான் எழுதிய தேர்வின் பாடத்திட்டமும் காலேஜின் பாடத்திட்டமும் ஒத்துப்போகவில்லை. ஒரே பயிற்சிக் கட்டத்துக்கு வகுப்பில் ஒரு பெயர், தேர்வில் வேறு பெயர். வகுப்பில் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்த அந்த 220 தேர்வில் சரியான விடை.

தேர்வோடும் முடிவதில்லை. தேர்வு நடத்தும் அமைப்பைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இத்தனை மணி நேரம் தொடர்கல்வி படித்ததாகக் காட்ட வேண்டும். காலேஜில் கூடுதலாக எடுத்த ஒரு முழு செமஸ்டர் வகுப்பைக் கணக்கில் சேர்க்கச் சொன்னேன். தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், பாடத்திட்ட நகல், பிறகு காத்திருப்பு. அவர்களே விற்கும் ஆன்லைன் பாடத்தை வாங்கி, வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் வினாடிவினாவைத் தட்டினால் மணி நேரம் உடனே ஏறிவிடுகிறது. வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இது காலேஜின் குற்றம் இல்லை. ஆனால் சேரும்போது, வேலைக்குக் காலேஜ் தரும் சான்றிதழ் மட்டும் போதாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஐந்துக்கு இரண்டு. லேப்புக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து, ஆனால் பணம் கட்டியது முழுப் படிப்புக்கு. நண்பரிடம் வீட்டிலேயே படித்துத் தேர்வு எழுதச் சொல்லிவிட்டேன். கூடவே, காலேஜில் மதிப்பீட்டு லேப்பைத் தனி வகுப்பாக எடுக்க விடுவார்களா என்றும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் உடற்கூறியல் முடித்திருக்க வேண்டும் என்றால் அதையும் எடுக்கட்டும். சேரும் முன், காலிப்பரும் ரத்த அழுத்தப் பட்டையும் வகுப்புக்கு எத்தனை இருக்கின்றன என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.