ஜன்னலுக்குத் தெளிவான யுவி பிலிம்: கும்பகோணம் கடையில் எங்கள் அனுபவம்

என் மகளுக்கு 9 வயது. ஜெரோடெர்மா பிக்மெண்டோசம் என்ற அரிய மரபணு நோய். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் (யுவி) தோலின் டிஎன்ஏவில் உண்டாக்கும் சேதத்தை அவள் உடம்பால் சரிசெய்துகொள்ள முடியாது. ஒன்றரை வயதிலேயே மூக்கிலும் கன்னத்திலும் கேழ்வரகு தூவினாற்போலப் புள்ளிகள். வெளிச்சத்தில் கண் கூசித் தண்ணீர் வடியும். நான் அத்தை மகனைக் கட்டியவள். எங்கள் இருவரிடமும் அந்தக் கோளாறு மறைந்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது. சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடிய நோய் இது.

பாபநாசம் பக்கம் பழைய ஓட்டு வீடு, 6 ஜன்னல். முதலில் வேறொரு இடத்தில் கன்னங்கரேலென்று பிலிம் ஒட்டினோம். வீடு இருட்டானதும் நிம்மதியாக இருந்துவிட்டேன். 8 மாதத்தில் அது ஊதா நிறமாகிக் கொப்புளம் விட்டது. யுவி மீட்டர் வாங்கிப் பிடித்தால் எண் ஏறுகிறது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. வெறும் கண்ணாடி, புற ஊதாக் கதிரில் யுவிஏ என்ற வகையில் பெரும்பகுதியை உள்ளே விடும். கறுப்பாக இருந்தால் தடுத்துவிடும் என்றும் நம்பக் கூடாது.

இப்போது ஒட்டியிருப்பது கும்பகோணத்தில் கார் பிலிம் ஒட்டும் ஒரு சின்னக் கடையில். சதுர அடி 120 ரூபாய், நிறமே இல்லாத பிலிம். விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி, “பகல்ல பழசை உரிச்சா பாப்பா எங்க இருக்கும்க்கா?” இருட்டிய பிறகு வந்தார். சோப்புத் தண்ணீர் அடித்து, ரப்பர் கட்டையால் இழுத்து இழுத்து முடிக்க இரவு பதினொன்று. மறுநாள் உச்சி வெயிலில், அவளை உள்ளறையில் வைத்துவிட்டு, மீட்டரோடு ஒவ்வொரு ஜன்னலாகப் போனேன். நடுவில் எல்லாம் பூஜ்யம். ஓரத்தில் மட்டும் எண் காட்டியது. சட்டத்தை ஒட்டி அரை நூல் இடைவெளி விடுவது அவர்கள் வழக்கமாம். போன் செய்தேன். அன்று பொழுது சாய்ந்ததும் வந்து பட்டை ஒட்டி மூடினார்.

அடுத்த வாரம் எதிர் வயலில் நடவு. சின்னத் திண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள்.

குறை என்றால், அடுப்படி ஜன்னலில் ஒரு மூலை ஆவி பட்டு எழும்பியது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், அதற்கும் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்.