அச்சுத் துவக்கா, வாளா?

முப்பரிமாண (3டி) அச்சுப்பொறியில் செய்யும் அச்சுத் துவக்கா, வாளா எங்களுக்குப் பெரிய ஆபத்து? யாழ்ப்பாணத்தில் இரவில் மோட்டார்சைக்கிள்கள் கூட்டமாக உறுமினால் சனம் பயப்படுவது வாள்வெட்டுக் கும்பலின் வாளுக்குத்தான். பட்டறையில் அடித்தெடுக்கலாம், தோட்டா வேண்டாம், துவக்குப்போல இடையில் இறுகிச் சுடாமல் நிற்காது.

அச்சுத் துவக்கு வேறு கதை. 2013இல் அமெரிக்கரான கோடி வில்சன் வெளியிட்ட ‘லிபரேட்டர்’ ஒரு வெடி மட்டுமே வைக்கும். அதன் பிளாஸ்டிக் குழல் சுட்டவன் கையிலேயே சிதறலாம். விளையாட்டுச் சாமான் என்று சிரித்தார்கள். 2020இல் எஃப்ஜிசி-9 என்ற அச்சுத் துவக்கு வந்தது. அரைத் தானியங்கி, விசையை இழுக்க இழுக்க ஒவ்வொரு வெடியாகச் சுடும். மியன்மார் கிளர்ச்சியாளர்கள் சண்டைக்கே கொண்டுபோனார்கள். தொடரிலக்கம் கிடையாது, பொலிஸ் எதைப் பிடித்துத் தேடும்?

ஆனால் தோட்டாவை அச்சிட முடியாது. இங்கே அது கிடைப்பதுதான் பெரும்பாடு. ஆகவே இப்போதைக்கு எனக்கு வாள்தான் பெரிய ஆபத்து. என்ன, வாளென்றால் மதில் பாய்ந்தாவது தப்பலாம்.