மக்கும் பை என்று நம்பி வாங்கிய பாலிதீன்: கடைக்காரர்களின் கவனத்திற்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய இனிப்பு, காரக் கடை நடத்துகிறேன். "மக்கும் பை" என்று சொல்லிப் பாலிதீன் பைகளை என்னிடம் விற்றவர், இப்போது தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக் கடைகளிலும் மாதிரிப் பைகளோடு ஏறி இறங்குவதாக அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

2019 ஜனவரி 1 முதல் நெகிழித் தடை நடைமுறைக்கு வந்த பிறகு, எங்கள் கடையில் துணிப்பையும் தாள் பையும்தான். நெய் கசியும் பலகாரத்துக்குத் தாள் பை தாங்காது என்பதால், சோளமாவில் செய்த பை என்று அவர் சொன்னதும் ஆவலோடு கேட்டேன். என் கண்ணெதிரே ஒரு பையைக் கொளுத்தி, "பாலிதீனாக இருந்தால் இப்படிச் சாம்பலாகுமா அக்கா?" என்றார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழின் நகலையும் கொடுத்தார். மற்றவர்கள் கேட்ட விலையில் பாதிதான் கேட்டார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். அறுபது கிலோ வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்துச் சோதனைக்கு வந்த மாநகராட்சி அலுவலர்கள், பையில் அச்சிட்டிருந்த சான்றிதழ் எண்ணைச் சரிபார்த்தபோது அது வெளிமாநிலத் தொழிற்சாலை ஒன்றுக்கு உரியது என்று தெரிந்தது. அங்கே தொலைபேசியில் விசாரித்தேன்; சென்னையில் தங்களுக்கு விற்பனையாளரே இல்லை என்றார்கள். பைகள் பறிமுதலாயின, அபராதமும் கட்டினேன். பிளாஸ்டிக் குருணை வியாபாரம் செய்யும் உறவினர்தான் சாம்பலின் கதையை விளக்கினார்: பாலிதீனில் சுண்ணாம்புக்கல் தூளை மிகுதியாகக் கலந்தால் எரிந்தபின் சாம்பல் நிற்கும், ஆனால் தீயை அணைத்தவுடன் மெழுகுவத்தி வாசனை வரும்.

பணம் போனதைவிட என்னை வருத்துவது வேறு. "காய்கறித் தோலோடு சேர்த்தே போடலாம்" என்று வாடிக்கையாளர்களிடம் நானே சொல்லிக் கொடுத்த பைகள் அவை. உரமாக வேண்டிய எத்தனை வீட்டுக் குப்பையை அவை கெடுத்துக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு அனுப்பினவோ!

மக்கும் பையைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன் வாரியத்தின் சான்றிதழ் பெற வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு நெகிழிக் கழிவு மேலாண்மை விதி. தயாரிப்பாளரின் பெயரும் சான்றிதழ் எண்ணும் பையில் இருக்க வேண்டும் என்பதும் அந்த 2016 விதியில் சொன்னதுதான். ஆகவே நகலைப் பார்த்து நிறைவடையாமல், வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண் யாருடையது என்று பாருங்கள். அந்த நிறுவனத்தையே அழைத்து, உங்களிடம் வந்தவர் அவர்களுடைய ஆள்தானா என்று கேளுங்கள். பில்லில் வெறும் "கேரி பேக்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். எனக்கு வந்த பில் அப்படித்தான் இருந்தது, அதனால் புகார் எழுதும்போது மிகவும் திணறினேன். பூந்தொட்டியில் புதைத்துப் பார்ப்பதும் சரியான சோதனை ஆகாது. மக்கும் பைகளுக்கான ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரம் ஏறக்குறைய 58 டிகிரி வெப்பமுள்ள உரக்கிடங்கைக் கணக்கில் கொண்டது என்பதால், அசல் பையும் தொட்டியில் மக்காமல் கிடக்கலாம்.

பை விற்றவருடைய தொலைபேசி எண் இப்போது அணைக்கப்பட்டிருக்கிறது. பறிமுதல் போக என்னிடம் ஐந்து பைகள் மீதமுள்ளன. சந்தேகமுள்ள கடைக்காரர்கள் தங்கள் பையைக் கொண்டுவந்து அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.