ஒரு கண்ணியா, அறுபது கண்ணிகளா? நோயோடும் பூனைகளோடும் வாழ்பவருக்குக் குரோஷாவும் நிட்டிங்கும்

எனக்கு முடக்குவாதம் இருப்பது உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அதனால் சற்றே தணிந்திருக்கும் நோய் எதிர்ப்பாற்றல், காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் நீடிக்கும் விரல் விறைப்பு, வீட்டில் இரண்டு பூனைகள், கூட்டமில்லாத வேளை பார்த்து வெளியே சென்றுவரும் சிறு பொழுதுகள் ஆகியவற்றுக்குள் இப்போது என் நாள்கள் அடங்குகின்றன. இவற்றோடு ஒத்துப்போகும் கைவேலை ஒன்றைத் தேடியபோது முதல் ஓராண்டு நிட்டிங்கிலும், அதன்பின் இன்றுவரை குரோஷாவிலும் கழிந்தது. என் மனம் குரோஷாவின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நிட்டிங்கில் நான் முழுமையாக முடித்தவை இரண்டு கழுத்துத்துண்டுகளும் ஒரு தொப்பியும் மட்டுமே என்பதால், அதைப் பற்றி நான் கூறுவதைத் தொடக்கநிலையில் நின்றுவிட்ட ஒருவரின் கருத்தாகவே கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள பொதுவான வேறுபாடுகள் பலரும் அறிந்தவை. நிட்டிங்கிற்கு இரண்டு ஊசிகள், குரோஷாவுக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி. நிட்டிங் துணி மெல்லியதாக, இழுத்தால் நெகிழ்ந்து கொடுப்பதாக, உடலோடு ஒட்டி விழுவதாக இருக்கும். குரோஷா துணி பெரும்பாலும் தடித்து, உருக்குலையாமல் நிற்கும். ஒரே அளவு துணிக்குக் குரோஷா கூடுதல் நூலை எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக வாங்கி வைப்பது பின்னுபவர்களின் வழக்கம். கற்றுக்கொள்வதில் குரோஷாவுக்கு ஒரு சிறு தொல்லை உண்டு. பிரிட்டன் வழக்கில் டபுள் குரோஷே என்று சொல்லப்படும் தையலும் அமெரிக்க வழக்கில் அதே பெயரில் சொல்லப்படும் தையலும் வேறு வேறானவை. எந்த வழக்கில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் ஒரு குறிப்பைப் பின்பற்றினால் அளவு முற்றிலும் மாறிவிடும். இவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு கேள்வி: வேலையின் நடுவில், எந்த நொடியிலும், முன்னறிவிப்பின்றிக் கீழே வைத்துவிட்டு எழ முடியுமா? நோயில்லாதவருக்கு இது ஒரு சிறு வசதியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வரிசையின் பாதியில் கட்டைவிரலின் அடிமூட்டு திடீரென்று சுளீரென வலிக்கும்போதும், மாத்திரை எடுத்துக்கொண்ட மறுநாள் பிற்பகலில் சோர்வு ஒரேயடியாக வந்து படுக்கச் சொல்லும்போதும், காத்திருக்கும் அறையில் பெயரைக் கூப்பிடும்போதும், மடியில் இருந்த பூனை நூலின் அசைவைக் கண்டு பாயும்போதும் ‘இந்த வரிசையை முடித்துவிட்டு எழுகிறேன்’ என்று சொல்லும் உரிமை நமக்கு இருப்பதில்லை.

நிட்டிங்கில் ஒரு வரிசையில் அறுபது கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், இருந்தால், அந்த அறுபதும் ஊசியின்மீது திறந்த நிலையில் உயிரோடு நிற்கின்றன. ஊசி நழுவினால் அறுபதும் நழுவும். ஒரே ஒரு கண்ணி தவறினாலும் அது கீழ்வரிசைகளையும் அவிழ்த்துக்கொண்டு ஏணிப்படிபோல் இறங்கத் தொடங்கும். வரிசையின் நடுவில் நிறுத்தினால் பாதிக் கண்ணிகள் இடக்கை ஊசியிலும் மீதி வலக்கை ஊசியிலுமாக இருக்கும். திரும்ப எடுக்கும்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். குரோஷாவிலோ, நாம் பெரும்பாலும் செய்யும் சாதாரண வகைகள் அனைத்திலும், திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதற்கு முந்தைய தையல்கள் ஒவ்வொன்றும் அப்போதே மூடி முடிந்துவிட்டவை. அந்த ஒற்றைக் கண்ணியைச் சற்று நீளமாக இழுத்து, அதில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் போதும். மூன்று வாரம் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும்.

இந்த வேறுபாட்டை எனக்குப் புரியவைத்தவள் எங்கள் பூனை கருப்பி. நிட்டிங் காலத்தில், தண்ணீர் குடிக்க எழுந்த இரண்டு நிமிடத்தில், அவள் நாற்காலியின்மீது ஏறிப் பின்னலின் ஓரத்தைப் பற்றி இழுத்ததில் ஓர் ஊசி முழுவதும் உருவி வெளியே வந்துவிட்டது. ஏறத்தாழ முப்பது கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மீண்டும் ஊசியில் ஏற்ற எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது; அதற்கு அடுத்த இரண்டு நாள்கள் விரல்கள் மடங்கவே இல்லை. தவறிய கண்ணிகளை மேலே ஏற்ற நிட்டிங் செய்பவர்களும் ஒரு குரோஷா கொக்கியைத்தான் கையில் எடுக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். பின்னர் குரோஷாவுக்கு மாறியபின் அதே கருப்பி அதேபோல் இழுத்தபோது ஆறேழு தையல்கள் பிரிந்தன. கொக்கியை நுழைத்துப் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டு பூனைகளில் ஒன்றாவது ஏதாவது செய்துகொண்டே இருக்கும் வீட்டில், பழுதைச் சரிசெய்யும் உழைப்பின் அளவு மிகப் பெரிய விஷயம்.

நிட்டிங்கில் இதற்குத் தீர்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊசி முனைகளில் மாட்டும் ரப்பர் மூடிகள் உண்டு. இரண்டு முனைகளையும் ஒரு நெகிழும் கம்பிவடம் இணைக்கும் வட்ட ஊசியில், பின்னலை வடத்தின் நடுவுக்குத் தள்ளிவிட்டால் கண்ணிகள் எளிதில் நழுவா. நான் வட்ட ஊசியைப் பயன்படுத்தியது ஏறத்தாழ ஒரு மாதம் மட்டுமே. அதை முதலிலேயே வாங்கியிருந்தால் நிட்டிங்கில் இன்னும் சிறிது காலம் நீடித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பூனைகளின் பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டுமே சம அளவில் ஆபத்தானவை, இதில் சலுகை எதுவும் கிடையாது. பூனையின் நாக்கில் உள்ள சிறு முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்கு எளிதன்று. நூல் உள்ளேயே போகும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொண்டால், குடல் அந்த நூலின்மீது சுருங்கி மடிந்து அறுபடவும் கூடும். அறுவை சிகிச்சை வரை போகும் நிலை அது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குரோஷாவில் சிறு சதுரங்களாகப் பின்னுபவர்களுக்கு வெட்டிய நூல் முனைகள் நிட்டிங்கைவிட அதிகமாகச் சேரும் என்பது ஒரு குறை. அவற்றை ஒன்றுவிடாமல் மூடியுள்ள டப்பாவில் போடுகிறேன். நூல்கண்டும் ஜிப் வைத்த பைக்குள்ளேயே இருந்து, ஒரு சிறு துளை வழியாக நூல் மட்டும் வெளியே வருகிறது.

கீறல் விஷயத்தில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கண்டேன். நீண்ட நேர் ஊசிகளின் பின்முனைகள் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். பூனைக்கு அது அழைப்பு. கொக்கியோ பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் பூனைக் கீறல் அலட்சியப்படுத்தக் கூடியதன்று. பார்ட்டோனெல்லா என்ற பாக்டீரியா கீறல் வழியாக வரக்கூடியது. அதனால் சிறு கீறலானாலும் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுகிறேன், சிவந்து வீங்கினால் மருத்துவரைப் பார்க்கிறேன். குரோஷாவுக்கு வந்தபின் கீறல்கள் குறைந்திருக்கின்றன. பூனைகளுக்கு வயது கூடியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

வெளியே செல்லும்போது குரோஷாவின் நன்மை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காலையில் விறைப்பு விட்டபின், பூங்காவில் நடப்பவர்கள் கலைந்து சென்ற வேளையில், காற்றோட்டமான ஓர் இருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது எனக்கு ஒரு முழு வெளியூர்ப் பயணத்திற்குச் சமம். மருத்துவமனை போன்ற மூடிய இடங்களுக்கு என்95 முகக்கவசத்தோடுதான் செல்கிறேன். இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு கொக்கி, ஒரு சிறு நூல்கண்டு, இரண்டு ஊக்குகள் போதும். நான்கு சுற்றுகள் கொண்ட ஒரு கிரானி சதுரம் (நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் சிறு சதுரம்) அரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடுவதால், என் வெளிப்பொழுதின் நீளமும் வேலையின் நீளமும் ஒன்றாகவே அமைகின்றன. போர்வை எவ்வளவு பெரிதானாலும் நான் சுமப்பது ஒரு சதுரத்தை மட்டுமே. வீட்டுக்கு வந்ததும் கையோடு அலுமினியக் கொக்கியையும் சோப்பிட்டுக் கழுவிவிடலாம். மூங்கில் ஊசிகளை அப்படி நனைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

கைகளுக்கு எது நல்லது என்பதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். நிட்டிங்கில் வேலை இரண்டு கைகளுக்கும் பகிர்ந்து செல்கிறது. குரோஷாவில் கொக்கி பிடிக்கும் கையின் மணிக்கட்டு மீண்டும் மீண்டும் திரும்புகிறது. மணிக்கட்டில் வலி மிகுந்தவருக்கு நிட்டிங்தான் ஏற்றதாக இருக்கக்கூடும். எனக்கு விரல் கணுக்களில்தான் வலி என்பதால், தடித்த ரப்பர் கைப்பிடி உள்ள கொக்கியைப் பேனாவைப்போல் பிடிக்காமல் கத்தியைப்போல் மேலிருந்து பிடித்ததும் பெரிய மாற்றம் தெரிந்தது. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை அலாரம் வைத்து நிறுத்துகிறேன். மூட்டுகள் வீங்கிச் சூடாக இருக்கும் நாள்களில் இரண்டையும் தொடுவதில்லை.

காலுறையோ, உடலோடு ஒட்டும் ஸ்வெட்டரோ பின்ன விரும்புபவர்களுக்கு நிட்டிங்கையே சொல்வேன். அந்த நெகிழ்வைக் குரோஷாவில் நான் இதுவரை கண்டதில்லை. எம்பிராய்டரியையும் சில வாரம் முயன்றேன், ஆனால் மெல்லிய ஊசியைக் கிள்ளிப் பிடிக்கும் பிடிதான் என் விரல்களுக்கு மிகவும் கடினமானது என்பதால் விட்டுவிட்டேன்.

குரோஷாவில் தொடங்குபவர் 5 மி.மீ. கொக்கியும், நடுத்தரத் தடிமனுள்ள, வழவழப்பான, வெளிர் நிற நூலும் வாங்கிக்கொள்ளலாம். கறுப்பு நூலைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைப்பது நல்லது. கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாமல், அவற்றைத் தேடுவதிலேயே விரல்கள் களைத்துவிடும்.