அப்பாவின் பியட்டைக் கொடுத்து ஏமாந்தேன்: பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு நாளைக்கு முன்பு, வண்டியைப் புதுசாக்க விட்டிருந்த ஷெட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து பஞ்சர் கடைக்காரர், "அவன் காலி பண்ணி பதினஞ்சு நாள் ஆச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்தால் தரையில் ஆயில் கறையும் ஓர் உடைந்த ஜாக்கியும்தான் இருந்தன. என் வண்டி இல்லை. நான் கொடுத்த ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரமும் அதோடு போச்சு.

1982 மாடல் பிரீமியர் பத்மினி. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, எங்களுக்கு அது எப்போதும் பியட்தான். அந்தக் காலத்தில் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அப்பாவும் காத்திருந்துதான் எடுத்தார். 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். அந்தக் கியர் தண்டின் நுனிக் குமிழை நான் எட்டாவது படிக்கும்போது விளையாட்டாகத் தட்டி விரிசல் விட வைத்தேன். அப்பா திட்டவில்லை. அரால்டைட் குழைத்து ஒட்டினார். ஒட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கோடு, கடைசியில் லேசாக வளைந்து தூண்டில் முள் மாதிரி இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தொன்பது. வண்டி ஓட்டி ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஞாயிறு காலையில் கவரை எடுத்து, துடைத்து, ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட்டால்தான் அவருக்கு டிபன் இறங்கும். கதவுக்கடியில் துரு அரிக்க ஆரம்பித்ததும், அவர் இருக்கும்போதே புதுசு மாதிரி ஆக்கிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசைதான் வினையானது.

பழைய கார்களை மெருகேற்றி வீடியோ போடும் ஒரு பக்கத்தில்தான் இந்த ஆளைப் பிடித்தேன். பெயரைச் சொல்லவில்லை, வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். வீட்டுக்கு வந்தவன் செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே விட்டான். நேராக வண்டிகிட்டே போகாமல் அப்பாவிடம் போய், "ஐயா, பானெட்டைத் திறந்து பார்க்கலாங்களா?" என்று அனுமதி கேட்டான். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டான். "டேப்பட் சத்தம் கொஞ்சம் கூட வருதுங்கய்யா." அப்பா ஆறு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், எங்கள் மெக்கானிக் உட்பட ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவ்வளவுதான். அப்பா உள்ளே போய்த் தன் கையாலேயே டீ எடுத்துக்கொண்டு வந்தார். நானும் விழுந்துவிட்டேன். அன்று இரவே டிங்கரிங்குக்கும் பெயிண்ட்டுக்கும் எழுபத்தைந்தாயிரம் அனுப்பினேன். யூபிஐயில் வந்த பெயர் வேறு ஏதோ பெயர். "மச்சான் நம்பர்ங்க சார்" என்றான். சரி என்று விட்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

அடுத்த மாதம் எஞ்சின் வேலைக்கு அறுபதாயிரம். அப்புறம் பம்பர், கிரில்லுக்கு குரோம் பிளேட்டிங், சீட் வேலை என்று முப்பதாயிரம். கடைசியாகப் போட்டான் பாருங்கள் ஒரு தூண்டில்: "விண்டேஜ் நம்பர் வாங்கித் தரேன் சார், கவர்மெண்ட் பீஸ் இருபதாயிரம்." நெட்டில் தேடினேன். 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்று சரியாகவே இருந்தது. அந்த ஒரு வரியோடு நிறுத்தியதுதான் என் தப்பு. இன்னும் நாலு வரி கீழே போயிருந்தால், வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே நீடிக்கும் என்பதையெல்லாம் பார்த்திருப்பேன். 1982 வண்டிக்கு ஐம்பது எங்கே ஆச்சு? அதற்கென்று ஒரிஜினல் ஆர்சி புத்தகத்தைக் கொடுத்தேன். நாலைந்து தாளில் கையெழுத்தும் போட்டேன். அவற்றில் இரண்டு படிவம் 29, படிவம் 30. உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவங்கள், அதுவும் வெற்றாக. இருபதாயிரத்தையும் சேர்த்தால்தான் அந்த ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.

அதன் பிறகு நாலு மாதம் சாக்குதான். மழை, பெயிண்ட் காயாது. டிங்கர் மாரியம்மன் நோன்பிக்கு ஊருக்குப் போயிருக்கிறான். ஆயில் சீல் பம்பாயிலிருந்து வரணும். இதில் கொடுமை என்னவென்றால் ஒவ்வொன்றும் நம்பும்படியாகவே இருந்தது. தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேலான வண்டிக்கு ஸ்பேர் அலைந்துதான் வாங்கவேண்டும். ஒருமுறை போட்டோ கேட்டதற்கு அனுப்பினான், பட்டி பூசிய கதவு ஒன்று. அது என் வண்டிக் கதவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நேரில் வருகிறேன் என்றால், "பெயிண்ட் பூத்ல தூசி வரும் சார், முடிஞ்சதும் நானே ஓட்டிட்டு வந்து நிறுத்தறேன்." அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டான். அப்புறம் ரிங்கும் போகவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சாவியை நீங்களே கொடுத்திருக்கீங்க, இது எப்படித் திருட்டாகும்? பணத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க." நம்பிக் கொடுத்த பொருளை அமுக்குவதும் குற்றம்தான், பாரதிய நியாய சன்ஹிதாவில் 316, ஏமாற்றியதற்கு 318 என்று வழக்கறிஞர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். அங்கிருந்த அதிகாரி படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் எஃப்ஐஆர் இல்லை, புகார் வாங்கியதற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது மட்டும். நாளை எஸ்பி அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் புகார் அனுப்புகிறேன்.

இன்ஷூரன்ஸ்? வருஷா வருஷம் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டு வந்தேன், அதில் திருட்டுக்கு ஒரு பைசா வராது. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு மதிப்பை நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்பதே எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. பழைய பொருள் விற்கும் ஓர் ஆப்பில் பியட் சாமான்களாகத் தள்ளிக்கொண்டே போனேன். டேஷ்போர்டு மீட்டர், ஹார்ன் ரிங், பின்பக்க லைட் கண்ணாடி. கீழே கியர் குமிழ், 1,200 ரூபாய். போட்டோவைப் பெரிதாக்கினேன். மஞ்சள் கோடு. கடைசியில் தூண்டில் முள் மாதிரி வளைவு.

வண்டியைப் பிரித்துவிட்டார்கள். விற்பவனுக்கு, "மற்ற பாகங்கள் இருக்கா?" என்று நிதானமாகத்தான் மெசேஜ் போட்டேன். "எது வேணும்?" என்று கேட்டான். சேஸிஸ் நம்பரைக் கேட்டதும் பிளாக். ஆப்பில் புகார் செய்தால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரப் பதில். காலையில் ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், "குமிழை வெச்சு என்ன சார் பண்றது?"

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. முழு வண்டிக்குத் தாள் வேணும், உதிரிக்கு யாரு தாள் கேட்கிறா என்றார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிறு கார் கவரைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தார். "குரோமியம் போட்டாச்சாமா? வெயில்ல நிறுத்த வேண்டாம்னு சொல்லு" என்றார். போட்டாச்சுப்பா என்றேன். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தைக்கூட விடுங்கள், எப்படியாவது சம்பாதித்துவிடலாம். போர்ட்டிகோ தரையில் நாலு டயர் தடம் அப்படியே இருக்கிறது, அவர் சுற்றிப் போகிறார், மிதிப்பதில்லை. அதற்கு நான் என்ன செய்வது?

உருப்படியாகப் பத்து யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் கேளுங்கள். ஒரிஜினல் ஆர்சியை எவனிடமும் கொடுக்காதீர்கள். 29, 30 என்று எழுதிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் மாறாமல் வண்டி எங்காவது இடித்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு, 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பெயரில்தான் இன்னும் இருக்கிறது, தினமும் அரசின் வண்டிப் பதிவுத் தளமான பரிவாஹனில் பார்க்கிறேன். சேஸிஸ், எஞ்சின் நம்பர்களைப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். உங்கள் வண்டிக்கே உரிய தழும்புகளைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். என்னிடம் அந்தக் குமிழின் பழைய படம் ஒன்றுகூட இல்லை. வேலைக்கு விட்டால் வாரம் ஒருமுறை சொல்லாமல் போய் நில்லுங்கள். வீட்டிலேயே நிறுத்தினாலும் பேட்டரிக்கு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள், முன்கதவு முக்கோணக் கண்ணாடியை நெம்பினால் கை உள்ளே போய்விடும். அப்புறம்,

இருங்கள். எட்டு நாளாகச் செத்துக் கிடந்த அவன் வாட்ஸ்அப்பில் இப்போது ஆன்லைன் காட்டுகிறது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன்.