கிறிஸ்துமஸ் தாத்தாவா, புனித நிக்கோலாஸா?

டிசம்பர் இரவுகளில் வீடுவீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வரும் குழுவினரோடு, பஞ்சுத் தாடியும் முகமூடியும் அணிந்து ஆடிவந்து மிட்டாய் வழங்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவை அறியாத தமிழ்க் கிறிஸ்தவக் குழந்தை அரிது. அவர் சபை வாலிபர்களில் ஒருவர்தான் என்பதைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வதாலும், மேலைநாட்டுக் கதையில் வருவதுபோலப் புகைபோக்கி வழியாக இறங்கிவர நம் வீடுகளில் புகைபோக்கியே இல்லாததாலும், பொய் சொல்லி ஏமாற்றுகிறோம் என்ற மேலைநாட்டுப் பெற்றோரின் கவலை இங்கே அவ்வளவாக எழுவதில்லை. ஆனால் "நல்ல பிள்ளைக்கே பரிசு" என்ற அவருடைய கணக்கு, தகுதி பாராமல் அருளப்படும் கிருபையைப் போதிக்கும் பண்டிகையோடு ஒட்டவில்லை.

பிள்ளைகளுக்குத் தாத்தாவைக் காட்டுவதற்குப் பதில் மற்றொரு வழி, அவருடைய மூலமான புனித நிக்கோலாஸின் கதையைச் சொல்வது. இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த மைரா நகரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த நிக்கோலாஸ், வரதட்சணைக்கு வழியின்றித் தவித்த மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் பொற்கிழிகளை மறைவாகப் போட்டார் என்பது மரபுக் கதை. வரதட்சணையை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்பது வருத்தமான வசதி. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3 வசனத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கடினம்.

டிசம்பர் 6ஆம் நாள் வரும் அவருடைய திருவிழா கத்தோலிக்கருக்கு இயல்பானது. புனிதர் வணக்கம் இல்லாத சீர்திருத்த சபையினர் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தாத்தா, நிக்கோலாஸ் இருவரில் நான் நிக்கோலாஸின் கதையையே தேர்ந்தெடுப்பேன், வாசலில் ஆடும் தாத்தாவைத் திருப்பி அனுப்பாமலேயே.