காசிமேட்டில் ஏரியல் கட்ட ஒரு கடை

லாஞ்சிலோ (விசைப்படகு) ஃபைபர் படகிலோ, கடலில் படகுக்குப் படகு பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது செட் வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கடை உதவாது. வாங்கிய செட்டை ஒழுங்காகப் பேச வைக்க வேண்டுமா, அப்போது போங்கள்.

கடை மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து உள்ளே ஒடுங்கும் ஒரு சந்தில் இருக்கிறது. போர்டு கிடையாது. ஷட்டர் எப்போதும் பாதி இறங்கியிருக்கும், கறுப்பு கேபிள் சுருள்கள் வாசலில் தொங்கும். துறைமுகத்தில் ‘வயர்லெஸ் அண்ணன் கடை’ என்று கேட்டால் ஐஸ் தள்ளுகிற பையன்கூட வழி சொல்வான். கடைக்காரர் முன்பு கப்பல் ரிப்பேர் கம்பெனியில் ஹெல்பராக இருந்தவர். படிப்பு அதிகமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனால் கணக்குப் போடாமல் ஒரு கம்பியையும் வெட்ட மாட்டார், அதுதான் எனக்குப் பிடித்தது.

நான் தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். கடலோடு எனக்கு இருக்கிற ஒரே தொடர்பு என் அண்ணனின் லாஞ்சு. அதில் 25 வாட் செட் இருக்கிறது. ஆனாலும் பக்கத்து லாஞ்சைத் தாண்டினால் யாருக்கும் இவர்கள் குரல் கேட்காது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் காட்டியபோது, செட் போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனும் பணம் புரட்ட ஆரம்பித்துவிட்டான். அதற்குள் லாஞ்சை ஓட்டும் ஸ்ராங்கு இந்தக் கடையைச் சொன்னார்.

வயர்லெஸ் அண்ணன் செட்டைத் தொடவே இல்லை. ஏரியல் தண்ணி மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், கேபிள் எத்தனை மீட்டர், நுனியில் கனெக்டர் போட்டது யார் என்று மூன்றே கேள்வி. பிறகு கூடவே லாஞ்சுக்கு வந்து, ஏரியலிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை நடுவில் மாட்டி ஒரு தடவை பட்டனை அழுத்தச் சொன்னார். முள் மூன்றில் நின்றது. “பாத்தியாம்மா டீச்சர், நாலுல ஒரு பங்கு திரும்பி செட்டுக்கே வருது. இதுல புது செட்டு இன்னாத்துக்கு?” என்றார்.

அவர் சொன்னது சரி. எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் பிரதிபலிப்புக் கெழு, அதாவது போகும் அலையின் வீச்சில் திரும்பி வருவதன் பங்கு, இரண்டில் ஒன்று. திறன் அதன் இருமடி, அதாவது 25 சதவீதம். அதே முள் 1.5-இல் நின்றால் திரும்புவது 4 சதவீதம்தான். ஏரியலைக் கழற்றிப் பார்த்தால் கனெக்டருக்குள் பச்சை பூத்து, கேபிளின் வலை உப்பில் ஊறிக் கறுத்திருந்தது. சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். கடலில் அது எத்தனை நாள் தாங்கும்?

இனி அவர் வேலை செய்யும் விதம். 16-ஆம் சேனல், ஆபத்துக்கும் அழைப்புக்கும் எல்லோரும் காது வைத்திருக்கும் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். செட் வந்த அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பென்சிலால் எழுதுகிறார்: முன்னூறை 156.8-ஆல் வகு, அலைநீளம் 1.91 மீட்டர். கம்பி கால் அலை, அதனால் நாலால் வகு, 47.8 சென்டிமீட்டர். அதில் நூற்றுக்கு ஐந்து கழி, 45.4. “கம்பி அந்தரத்துல நிக்குற அளவுக்கு வெட்டினா நீளமாப் பூடும், நுனியில மின்சாரம் கொஞ்சம் தேங்கும்” என்பது அவர் விளக்கம். பாடப்புத்தகத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். அவருக்கு முன்னூறு போதும், மெகாஹெர்ட்ஸில் வகுத்தால் மீட்டரில் விடை. முழு எண்ணைப் போட்டு நான் வகுத்துப் பார்த்தேன், முழு அலையில் வித்தியாசம் 1.3 மில்லிமீட்டர்தான், கால் அலையில் 0.3 மில்லிமீட்டர். கம்பி வெட்டும் பிளேடின் கனமே அதைவிட அதிகம்.

கம்பியைச் சற்று நீளமாகவே வெட்டி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து அரத்தால் தேய்த்துக் குறைக்கிறார். அடியில் நாலு கம்பிகள், அவற்றைக் குடைக்கம்பி மாதிரி 45 பாகை கீழே வளைக்கிறார். ஏன் என்று கேட்டேன். வளைக்காமல் கிடையாக விட்டால் ஏரியலின் மின்தடுப்பு 36 ஓம் பக்கம் நிற்கும், வளைத்தால் 50-ஐ நெருங்கும், கேபிளும் செட்டும் 50 ஓம். பொருந்தினால் திரும்பி வருவது குறையும். பிள்ளைகளுக்கு இதைப் பலகையில் வரைந்து காட்டுவதும், ஒரு மனிதர் இடுக்கியால் கம்பியை அசைக்க அசைக்க முள் இறங்குவதைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

கேபிள் விஷயத்தில் அவர் கறார். அண்ணன் லாஞ்சில் இருந்தது மெல்லிசான ஆர்.ஜி. 58, பன்னிரண்டு மீட்டர். இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 டெசிபல் தின்னும். மொத்தம் 2.4 டெசிபல். செட்டில் 25 வாட் கிளம்பினால் உச்சிக்குப் போவது 14, 15 வாட்தான், அதுவும் கேபிள் புதுசாக இருந்தால். பருமனான ஆர்.ஜி. 213 போட்டால் இழப்பு பாதியாகி 19 வாட் போய்ச் சேரும். கேபிளுக்குள் அலை எவ்வளவு வேகத்தில் போகும் தெரியுமா என்று என்னையே மடக்கப் பார்த்தார். உள்ளே இருப்பது பாலிஎத்திலீன், அதன் சார்பு விடுதிறன் கிட்டத்தட்ட 2.3. வர்க்கமூலம் எடுத்தால் 1.5, ஒளி வேகத்தை அதால் வகுத்தால் நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர், ஒளி வேகத்தில் 0.66 பங்கு. வெளியே 1.91 மீட்டராக இருந்த அலைநீளம் கேபிளுக்குள் 1.26 மீட்டராகச் சுருங்கும், அதிர்வெண் மட்டும் மாறாது. நான் சொல்லி முடித்ததும், “கரெக்ட்டு, பாயிண்ட் அறுவத்தாறு” என்று தலையாட்டினார். எந்தப் புத்தகத்திலும் அவர் விடுதிறனைப் பார்த்ததில்லை. கேபிள் உறையில் அச்சடித்த எண் போதும் அவருக்கு.

வாட் கேட்டு வருகிறவர்களைத் திட்டி அனுப்புவார் என்று கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்த்தும்விட்டேன். கையில் வைத்துப் பேசும் 5 வாட் செட்டோடு வந்த ஃபைபர் போட்டுக்காரர் ஒருவர் 25 வாட் கேட்டார். “திறன அஞ்சு மடங்கு ஆக்கினா மின்புலம் ரெண்டே கால் மடங்குதான் ஏறும். கடல் வளைஞ்சு கீது நைனா, வாட்டு வளையாது” என்று பதில். அட்டையில் அடுத்த கணக்கு: ஏரியல் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் அந்த ஏரியல் பார்க்கும் தொலைவு கிலோமீட்டரில் வரும். போட்டில் நின்றபடி பேசினால் ஏரியல் 2 மீட்டர் உயரம், தொலைவு 5.8. எதிர்ப்பக்கமும் இதேபோன்ற படகு என்றால் இரண்டையும் கூட்டி 11.6 கிலோமீட்டர். அண்ணன் லாஞ்சில் கம்பத்தின் உச்சி 9 மீட்டர், அதுபோன்ற இரண்டு லாஞ்சுகளுக்கு நடுவே 24.7. கண்ணால் பார்க்கும் அடிவானத்துக்கு 3.57-தான் பெருக்கவேண்டும். காற்று மேலே போகப் போக அடர்த்தி குறைவதால் அலை கொஞ்சம் கீழே வளைந்து கொடுக்கிறது, அந்தக் கூடுதல்தான் 4.12. போட்டுக்காரருக்கு ஒரு மூங்கில் கழியும் அதன் நுனியில் கட்ட ஏரியலும் கொடுத்து அனுப்பினார். வாட்டை விற்றிருந்தால் அவருக்கு லாபம் அதிகம்.

கோடையில் காற்று அசையாத ராத்திரிகளில் நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குரல்கள் பக்கத்து லாஞ்சு மாதிரி கேட்பதாக அண்ணன் சொல்வான். கடலுக்கு மேலே சூடான காற்று மூடிபோல் படியும்போது அலை அதற்கும் தண்ணிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வெகுதூரம் ஓடும். அதை நம்பி ரேஞ்சு கணக்குப் போடாதே என்பார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து எனக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சியில் 19 வாட், எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது, கேட்பவர் 20 கிலோமீட்டரில். அந்த ஆரமுள்ள கோளத்தின் பரப்பு சுமார் 500 கோடி சதுர மீட்டர். ஆக ஒரு சதுர மீட்டருக்கு வந்து சேருவது 3.8 நானோவாட். அதை இரண்டால் பெருக்கி, வெற்றிடத்தின் மின்தடுப்பான 377 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மின்புல வீச்சு மீட்டருக்கு 1.7 மில்லிவோல்ட். அதை ஒளி வேகத்தால் வகுத்தால் காந்தப்புலம், 5.6 பிக்கோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் இதைப்போல் எழுபது லட்சம் மடங்கு. நடுமதிய வெயிலில் சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் விழும்போது இதே சூத்திரத்தில் மின்புலம் மீட்டருக்கு 870 வோல்ட் வரும். வலை இழுப்பவர் முதுகில் அத்தனையும் அடித்துக்கொண்டிருக்க, அதே லாஞ்சின் கம்பி மில்லிவோல்ட்டைப் பிடித்து ஸ்ராங்கின் குரலாக்குகிறது. என் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் இதுதான் வீட்டுக்கணக்கு.

கடையில் காசு வாங்காமல் கொடுத்த ஒரு யோசனை எல்லாவற்றையும்விட உபயோகம். கைசெட்டை நம் ஆட்கள் ஸ்பீக்கரில் போட்ட மொபைல் மாதிரி வாய்க்கு நேராகப் படுக்க வைத்துப் பேசுகிறார்கள். மின்காந்த அலை குறுக்கலை. செங்குத்தான ஏரியலிலிருந்து கிளம்பும் மின்புலம் செங்குத்தாகவே ஆடும், எதிர் லாஞ்சின் கம்பியும் செங்குத்தாக நிற்கும். செட்டை 45 பாகை சாய்த்தால் போய்ச் சேரும் திறன் பாதி, 60 பாகையில் கால், முழுக்கப் படுத்தால் கணக்குப்படி பூஜ்யம், தண்ணியிலும் இரும்பிலும் பட்டுச் சிதறி வருவது மட்டும் கொஞ்சம் மிஞ்சும். கடைக்காரர் ஒரு செட்டைப் பையனிடம் கொடுத்து ஐஸ் பேக்டரி வரை அனுப்பி, அவனைச் சாய்த்துச் சாய்த்துப் பேசச் சொல்லிக் காட்டினார். படுக்க வைத்ததும் குரல் கரகரத்துக் காணாமல் போனது. “குத்தி நிறுத்திப் பேசு, மூஞ்சிக்குக் குறுக்கால புடிக்காத” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார்.

ஒரு விஷயத்தில் அவர் சொல்வது தவறு. மழை சிக்னலைக் குடித்துவிடும் என்கிறார். 1.91 மீட்டர் அலைக்குச் சில மில்லிமீட்டர் மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. வீட்டு டி.டி.எச். தட்டு மழையில் படம் நிறுத்துவது அது 11, 12 கிகாஹெர்ட்ஸில், இரண்டரை சென்டிமீட்டர் அலையில் வேலை செய்வதால். லாஞ்சில் மழைக்குப் பிறகு செட் மக்கர் செய்தால் தண்ணி கனெக்டருக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கனெக்டருக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, எனவே விளைவு ஒன்றுதான். கடல்நீர் உப்பால் மின்சாரம் கடத்துவதால், இந்த அதிர்வெண் அலை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்குக்குத் தேய்ந்துவிடும். தண்ணியில் விழுந்தால் மிதக்கும் செட் வைத்திருப்பவர்கள் ஏரியல் மேலே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செட் பேசினால் மூளை காயுமா என்று ஸ்ராங்கு கேட்டார். இந்த அலையின் ஒரு துகளுக்கு உள்ள ஆற்றல், மஞ்சள் வெளிச்சத்தின் துகளைவிட முப்பது லட்சம் மடங்குக்கு மேல் குறைவு, அணுவை உடைக்கிற சங்கதியெல்லாம் அதற்குக் கிடையாது. சூடாக்கும், அவ்வளவுதான். பட்டன் அழுத்தியிருக்கும்போது 25 வாட் ஏரியலைக் கையால் பிடித்தால் தோல் சுடும், அதனால் கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும்போது பேசாதீர்கள்.

குறைகள் நிறைய. பில் தரமாட்டார். சொன்ன நாளில் வேலை முடியாது. உட்கார ஒரு ஸ்டூல்தான், அதிலும் சால்டரிங் அயர்ன் கிடக்கும். சுருட்டுப் புகை. பெண்பிள்ளை கேள்வி கேட்டால் முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார், கணக்கில் இறங்கிய பிறகு அது போய்விடும். உரிமத் தாள் இல்லாத செட்டில் கை வைக்கவே மாட்டார், இதைக் குறையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

எங்களுக்குப் புது ஏரியல், பருமனான கேபிள், இரண்டு கனெக்டர், கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. பழைய செட் அப்படியே. முள் இப்போது ஒன்றரைக்குக் கீழே.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், எல்லா லாஞ்சும் கரையில் நிற்கும். அதன் ஆரம்பத்திலேயே போய்விடுங்கள், ஜூன் பிறந்தால் கடைசி நேரக் கூட்டத்தில் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். போகும்போது ஏரியல் உயரத்தையும் கேபிள் நீளத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். “ஒரு பத்தடி இருக்கும்ணா” என்றால் அளந்து வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். கல்மண்டபத்தில் பஸ் இறங்கி நடப்பது நல்லது. விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஆட்டோ மாட்டினால் அரை நாள் போய்விடும்.